சபை வாசலில் ஓர் ஆணி

முன்னொரு காலத்தில், கிரீடம் வைத்த தலையும் அரிக்கும் என்று ஊரார் அறிந்திருந்த காலத்தில், ஒரு நாட்டில் ஓர் அரசர் இருந்தார். அந்த நாட்டை அவர் மட்டும் ஆளவில்லை. பன்னிரண்டு கோட்டத்து மக்களும் குடவோலை போட்டு, கோட்டத்துக்கு ஒருவரைச் சபைக்கு அனுப்புவார்கள். சபை ஒப்பினால்தான் அரசாணை ஊருக்குப் போகும். அந்தச் சபையை நினைத்தால் எனக்கே ஏக்கமாக இருக்கிறது.

ஒருநாள் அரசர் பெருமூச்சு விட்டார். "என் தந்தையார் காலத்தில் இந்தச் சபையில் என்ன கூச்சல்! திரைக்குப் பின்னால் நின்று கேட்பேன். அந்தச் சத்தத்தை இன்னொரு முறை கேட்க வேண்டும்."

எப்படிக் கேட்பது? 'கிரீடத்தின் முன் மறுத்துப் பேசுபவர் நாடு கடத்தப்படுவர்' என்று மந்திரி விடங்கர் சட்டம் எழுதி முத்திரையும் வாங்கியிருந்தாரே! பத்து வருடமாகச் சபையில் வெறும் தலையாட்டல்தான்.

விகடகவி மாசாத்தனைக் கண்டாலே விடங்கருக்கு வயிறு எரியும். "அரசே, இதை மாசாத்தனிடம் ஒப்படையுங்கள். நாளை அந்தச் சத்தம் எழாவிட்டால் அவன் நாட்டை விட்டுப் போகட்டும்" என்றார். அரசரும் ஆசையில் சம்மதித்துவிட்டார்.

மறுநாள் மாசாத்தன் அரசரைச் சபை வாசலிலேயே நிறுத்தினான். கதவுநிலையில் தூசி படிந்த ஒரு மர ஆணி இருந்தது.

"அரசே, உள்ளே நுழையுமுன் தங்கள் தந்தையார் இதில் எதை மாட்டுவார்?"

அரசரின் கண் கலங்கியது. "கிரீடத்தை! மறந்தே போனேன்." அதைக் கழற்றி மாட்டிவிட்டு, தலையைச் சொறிந்தபடி உள்ளே போய் உட்கார்ந்தார்.

"கிரீடம் வெளியே இருக்கிறது. பேசலாம்" என்றான் மாசாத்தன்.

ஏரிக்கோட்டத்துச் சேந்தன் வாசல் ஆணியை ஒருமுறை பார்த்துவிட்டு எழுந்தான். "அரமனைத் தோட்டத்துக்குன்னு மதகைத் தெறந்துட்டீங்களே சாமி, எங்க நாத்தெல்லாம் காயுது. இது தப்புங்க!"

"பிடியுங்கள் இவனை!" என்று விடங்கர் கத்தினார்.

"எதற்கு? கிரீடத்தின் முன் பேசினால்தானே குற்றம்? இங்கே கிரீடம் எங்கே?" என்றான் மாசாத்தன்.

"எங்க கெணறும் வத்திப்போச்சு!" என்றது ஒரு குரல். "மதகை ஒரேயடியா மூடினா எங்க பக்கம் என்னாவுறது?" என்றது இன்னொன்று. பன்னிரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அரசர் கண்ணை மூடிக்கொண்டார். அதே சத்தம்! அப்பா உட்கார்ந்திருந்த அதே சபை. கண்ணீர் வழிய வழியச் சிரித்தார்.

மாலைக்குள் மதகு ஆணை ரத்தானது, விடங்கரின் சட்டமும் ரத்தானது. மாசாத்தனுக்குப் பொன் கிடைக்கும் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

அரசர் சொன்னார்: "இனி சபை கூடும்போதெல்லாம் என் கிரீடத்தைக் கழற்றும் பதவி உனக்கு. நான் மறந்தாலும் நீ மறக்காதே."

அரசர் தலையில் கைவைத்தும் தன் தலை தப்பியவன் அந்த நாட்டில் மாசாத்தன் ஒருவன்தான்.