தாமரை வீட்டில் நாரையார்

ஒரு காட்டில் வீடு கட்டிக் கொடுப்பதையே தொழிலாக வைத்திருந்த நாரை ஒன்று இருந்தது. ஏதோ சாதாரண நாரை என்று நினைத்துவிடாதீர்கள், குழந்தைகளே! கடல் தாண்டிப் பறந்து, ஊர் ஊராக அரண்மனைகளைப் பார்த்துவிட்டு வந்த நாரை அது. பார்த்ததெல்லாம் கூரைகளைத்தான். ஒன்றுக்குள்ளும் கால் வைத்ததில்லை. ஆனாலும் காட்டில் எல்லோரும் "நாரையார்" என்று மரியாதையாகத்தான் கூப்பிட்டார்கள்.

அதே காட்டில் ஒரு தாய் முயல் இருந்தது. போன மழையில் அதன் வளை இடிந்துபோனது. அடுத்த மழைக்குள் குட்டிகளுக்கு ஒரு வீடு வேண்டுமே என்று நாரையாரிடம் போய் நின்றது.

நாரையார் கரையான்களை வைத்து ஒரு மண்வீடு கட்டினார். வட்டமாக, அடுக்கடுக்காக இதழ்கள். இதழுக்கு ஓர் அறை. கூரையையும் மண் பூசி இறுக்கியாகிவிட்டது. மேலேயிருந்து பார்த்தால் மலர்ந்த தாமரையேதான்! அந்தப் பக்கம் பறந்த கிளிகள் எல்லாம் "ஆகா, ஆகா" என்றன. கிளிகளா அதில் குடியிருக்கப் போகின்றன?

முயல் குட்டிகளோடு உள்ளே போய்ப் பார்த்தது. காலையில் நுழைந்தது, வாசலைத் தேடிப் பிடித்து வெளியே வருவதற்குள் உச்சிவெயில் ஆகிவிட்டது. எண்ணிப் பார்த்தால் ஒரு குட்டியைக் காணோம்! மறுபடி உள்ளே ஓடி, அழுதுகொண்டிருந்த குட்டியைக் கண்டுபிடிப்பதற்குள் முயலுக்கே அழுகை வந்துவிட்டது.

"ஐயா, எல்லா அறையும் ஒரே மாதிரி இருக்கிறது. எங்கே நிற்கிறேன் என்றே தெரியவில்லை" என்றது முயல்.

"தெரியாதுதான். இதையெல்லாம் ரசிக்க ஒரு பக்குவம் வேண்டும்" என்றார் நாரையார்.

"ரசிப்பது இருக்கட்டும் ஐயா. நரி வந்தால் குட்டிகளை எந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு ஓடுவேன்? எங்கள் வளைக்கு எப்போதும் இரண்டு வாசல். ஒன்றில் நரி நுழைந்தால் மற்றதில் தப்பிவிடுவோம். பின்பக்கம் இன்னொரு வாசல் வைத்துக் கொடுங்கள்."

"என்னது, தாமரையில் ஓட்டையா? இதழே கெட்டுப்போகும்! ஒரு தடவை மேலே பறந்து பாரம்மா. அப்போதுதான் இந்த வீட்டின் அருமை தெரியும்."

"எனக்கு இறக்கை இல்லையே, ஐயா."

"அதற்கு நான் என்ன செய்வது?"

முயலுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் பணிவாகவே பேசியது. "அதுவும் சரிதான் ஐயா. நாளைக்குக் குடிபுகுகிறோம். வீடு கட்டியவர்தான் முதலில் உள்ளே போய் ஒரு சுற்று வர வேண்டும். அது முயல் குலத்து வழக்கம். நீங்கள் அவசியம் வரவேண்டும்."

மறுநாள் காட்டில் எல்லோரும் வந்து கூடியிருக்க, முயல் ஒரு பூமாலையைப் போட்டதும் நாரையாருக்குத் தலைகால் புரியவில்லை. நீண்ட கழுத்தை வளைத்து, கால்களை மடக்கி, எப்படியோ உள்ளே நுழைந்தார். அவர் நடு இதழை எட்டியிருப்பார் என்று தெரிந்ததும் முயல் வெளியிலிருந்து கத்தியது:

"ஐயோ! நரி! வாசல் வழியாக உள்ளே வருகிறது!"

உள்ளே தடதடவென்று சத்தம். ஓர் இதழில் நாரையாரின் தலை இடித்தது. அடுத்த இதழில் அலகு இடித்தது. எந்த இதழ் எது என்று அவருக்கே தெரியவில்லை.

"முயலம்மா! வேறு வழி எங்கே?"

"மேலே பறந்து பார்த்தால் பளிச்சென்று தெரியுமே, ஐயா!"

"விளையாடாதே! சுவரைத் தோண்டு!"

"இதழ் கெட்டுப்போகுமே, ஐயா?"

"கெட்டுத் தொலையட்டும்! சீக்கிரம் தோண்டு!"

முயல் பின்பக்கம் ஓடி, பரபரவென்று மண்ணைத் தோண்டியது. ஓட்டை விழுந்ததும் நாரையார் உடம்பெல்லாம் மண்ணாக வெளியே வந்து விழுந்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். நரியைக் காணோம். அது அன்றைக்குப் பக்கத்துக் காட்டில் ஒரு கல்யாண விருந்துக்குப் போயிருந்தது.

நாரையார் எழுந்து இறக்கையை உதறிக்கொண்டார். ஓட்டையை இப்படியும் அப்படியும் பார்த்தார். கூடியிருந்தவர்களைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார்.

"பின்வாசல் நன்றாக வந்திருக்கிறது. முதலிலிருந்தே என் மனதில் இருந்ததுதான்!"

"ஆமாம், ஐயா" என்று சொல்லிவிட்டு, முயல் குட்டிகளை அந்த வாசல் வழியாகவே உள்ளே அழைத்துக்கொண்டு போனது.

நீதி: குடியிருக்கப் போகிறவரோடு உள்ளே நடந்து பார்க்காமல் வீடு கட்டாதே.