கரடி மூக்கில் விழுந்த கடி

அல்லிக்குளக் கரையில் சுண்டு என்றொரு குட்டை நாய் இருந்தது. வயது ஐந்து. உயரமோ ஒரு முழம்கூட இல்லை! தேன் எடுக்க வந்தவர்களோடு காட்டுக்குள் வந்து, வழி தவறி, அங்கேயே தங்கிவிட்ட நாய் அது. எதிர்ப்பாறைச் சிறுத்தை குளத்துப் பக்கம் வந்தால் குரைத்து எல்லோரையும் உஷார்ப்படுத்துவது அதன் வேலை. அந்த வேலையில் சுண்டு ஒருநாளும் கண்ணயர்ந்ததில்லை.

சுண்டுவுக்கு ஒரே ஒரு தொல்லைதான். அறிமுகம் இல்லாத மிருகங்கள்கூட அதைப் பார்த்ததும் தூக்கிக் கொஞ்சின. முன்பின் தெரியாதவர்களை முதலில் மோந்து பார்க்க வேண்டும், பிறகுதான் மற்றதெல்லாம் என்பது நாய்களின் வழக்கம். அதற்கு யாரும் நேரம் கொடுப்பதே இல்லை. முள்ளம்பன்றியைப் பார்க்கும்போதெல்லாம் சுண்டுவுக்குப் பொறாமையாக இருக்கும். அதை எவரும் தூக்குவதில்லை அல்லவா!

ஒருநாள் கிழக்கு மலையிலிருந்து பொம்மன் என்ற கரடி புதிதாக வந்து சேர்ந்தது.

"அடடா! செல்லக்குட்டி! வாடா என் ராஜா!" என்று சுண்டுவை ஒரே அள்ளாக அள்ளிக்கொண்டது.

சுண்டுவின் நான்கு கால்களும் அந்தரத்தில் தொங்கின. உடம்பு விறைத்துப் போனது. பக்கத்தில் இருந்த நாட்டாமைக் குரங்கு, "அதுக்குப் பிடிக்கலையோ என்னவோ?" என்றது.

"சும்மா பிகு பண்ணுது! உள்ளுக்குள்ள இதுக்கு ரொம்பப் பிடிக்கும்!" என்றது பொம்மன். கொஞ்ச நேரம் கழித்து, "வீல்!" என்று அலறியது. அதன் மூக்கில் சுண்டுவின் பல் பதிந்திருந்தது.

குளக்கரையில் ஒரு சட்டம் உண்டு. யாரையாவது கடித்தாலோ பிறாண்டினாலோ, பொழுது சாய்வதற்குள் கரையை விட்டுப் போய்விட வேண்டும். சுண்டு கடித்த செய்தியைக் கேட்டதும் எதிர்ப்பாறைச் சிறுத்தை எழுந்து உட்கார்ந்தது. எதிரே ஓடிய கொழுத்த முயலைக்கூட அது பிடிக்கவில்லை. வயிற்றில் சுண்டுவுக்கென்று இடம் வைத்திருந்தது!

குரங்கு விசாரணையைத் தொடங்கியது.

"கடிக்கிறதுக்கு முன்னால சுண்டு ஏதாவது சொல்லிச்சா?"

"ஒண்ணுமே சொல்லலீங்க நாட்டாமை! முகத்தைத் திருப்பிக்கிச்சு. வெட்கப்படுதுன்னு நினைச்சேன்."

"அப்புறம்?"

"கொட்டாவி விட்டுச்சு. தூக்கம் வருதாக்கும்னு தாலாட்டினேன்!"

"அப்புறம்?"

"உதட்டை நக்கிச்சு. பசிக்குதேன்னு வாயில தேனைத் திணிச்சேன். உடனே உறுமிச்சு. பாட்டுப் பாடுதேன்னு நானும் கூடச் சேர்ந்து பாடினேன்! கடைசியா பல்லைக் காட்டிச்சு. சிரிக்குதுன்னு மூக்கோட மூக்கு வெச்சேன். கடிச்சிருச்சு!"

"ஐயோ பாவம்! எவ்வளவு பாசமான கரடி!" என்று கூட்டம் உச்சுக்கொட்டியது.

"அஞ்சு தடவை வேண்டாம்னு சொன்னேனே!" என்று கத்தியது சுண்டு.

"எப்போ சொன்னே? யாரும் கேக்கலையே!" என்றது குரங்கு. "பொழுது சாய்றதுக்குள்ள கிளம்பு!"

சுண்டுவுக்கு அழுகை வந்தது. சிறுத்தையை நினைத்துப் பயம். அதைவிட, இத்தனை நாள் கூட இருந்தவர்களுக்குத் தன் பேச்சு ஒன்றுகூடப் புரியவில்லையே என்ற வருத்தம்.

அப்போது வழிப்போக்காக ஒரு பெண் யானை தண்ணீர் குடிக்க வந்தது. அதன் குட்டிகள் எல்லாம் வளர்ந்து தனித்தனியே போய்விட்டன. கொஞ்சுவதற்கு ஆள் இல்லாமல் தும்பிக்கை வெறுமனே ஆடிக்கொண்டிருந்தது. சுண்டு அதன் காலடிக்கு ஓடியது. மூன்று முறை குரைத்த பிறகுதான் அப்படி ஒரு நாய் நிற்பதே யானைக்குத் தெரிந்தது.

"யானையக்கா! அங்கே கறுப்பா, புசுபுசுன்னு ஒண்ணு நிக்குதே, அதைத் தூக்கிக் கொஞ்சுங்களேன்!"

"முன்னப்பின்னத் தெரியாது. கோவிச்சுக்காதா?"

"சும்மா பிகு பண்ணும் அக்கா! உள்ளுக்குள்ள அதுக்கு ரொம்பப் பிடிக்கும்!"

அடுத்த நொடி பொம்மன் ஆகாயத்தில் இருந்தது.

"ஏய்! யார் நீ? இறக்கி விடு!"

"அட, பேசக்கூடச் செய்யுதே!" என்று யானை பூரித்துப் போனது.

பொம்மன் முகத்தைத் திருப்பியது. "வெட்கத்தைப் பாரேன்!" என்றது யானை. பொம்மன் மூச்சுத் திணறி வாயைப் பிளந்தது. "கண்ணுக்குத் தூக்கம் வந்திருச்சு!" என்று இப்படியும் அப்படியும் ஆட்டியது. அப்படியே பிளந்த வாயில் ஒரு கட்டு மூங்கில் தழையைத் திணித்தது. பொம்மன் உறுமியது. "பாட்டு வேறயா!" என்று யானையும் சேர்ந்து பிளிறியது. காடே அதிர்ந்தது!

பொறுக்க முடியாமல் பொம்மன் தும்பிக்கையைப் பிறாண்டியது. யானை பிடியை விட்டது. கரடி தொப்பென்று குளத்தில் விழுந்தது.

"பிறாண்டினாலும் போயிடணும்! அதுதான் சட்டம்!" என்று குரங்கு அறிவித்தது.

பொம்மன் தண்ணீர் சொட்டச் சொட்டக் கரையேறியது. "இது என்ன நியாயம்? வேண்டாம் வேண்டாம்னு எத்தனை விதமாச் சொன்னேன்! அது யாருன்னே எனக்குத் தெரியாது! கால் தரையில படாம தூக்கி வெச்சுக்கிட்டா, நான் வேற என்னதான் செய்யறது?"

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அதன் காதிலேயே விழுந்தது. மெல்லத் திரும்பிச் சுண்டுவைப் பார்த்தது.

சுண்டு ஒரே ஒரு கொட்டாவி விட்டது.

பொம்மன் சட்டென்று இரண்டு அடி பின்னால் நகர்ந்தது. "நாட்டாமை, தப்பு என் மேலதான்" என்றது.

இரண்டு தண்டனைகளும் ரத்தாயின. இனிமேல் சுண்டுவைத் தொட விரும்புகிறவர்கள் தள்ளி உட்கார்ந்து கையைத் தரையில் வைத்துக் காத்திருக்க வேண்டும், அது வந்து மோந்து பார்த்துச் சம்மதித்தால்தான் தொடலாம் என்று புதுச் சட்டம் வந்தது. சுண்டு யானையிடம் ஓடி, "மன்னிச்சிருங்க அக்கா, என் உயிரைக் காப்பாத்த வேற வழி தெரியலை" என்றது. சிறுத்தை முயலைத் தேடிப் போனது. முயல் எப்போதோ போய்விட்டிருந்தது.

மறுநாள் பொம்மன் வீங்கிய மூக்கோடு தள்ளி உட்கார்ந்து கையைத் தரையில் வைத்தது. சுண்டு வெகு நேரம் மோந்து பார்த்தது. பிறகு போய்விட்டது! அடுத்த இரண்டு நாளும் அப்படியே. நான்காம் நாள் தானாக வந்து, பொம்மனின் உள்ளங்கையில் தாடையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டது. அந்த நேரம் பார்த்துப் பொம்மனின் முதுகில் ஓர் எறும்பு கடித்தது. பொம்மன் அசையவே இல்லை.

நீதி: எவ்வளவு சின்ன உயிராக இருந்தாலும், அதன் சம்மதத்தைக் கேட்டறிந்த பிறகு காட்டுவதே அன்பு.