ஆள்காட்டி முதுகைப் பார்த்துக் கத்துவது ஏன்

பறவைகளுக்கும் மனிதர்களுக்கும் ஒரே பேச்சு இருந்த காலம் அது. காகத்திடம் வாய் கொடுத்து மீள முடியாது. நாரையோடு பேச உட்கார்ந்தால் அடுப்பில் சோறு கரிந்துபோகும். தெற்கே கடலைப் பார்த்திருந்த ஒரு மீனவக் கரையில், வெறும் மணலில் முட்டையிட்டு வாழ்ந்த நெட்டைக்கால் பறவை ஒன்றும் இருந்தது. இன்று நாம் ஆள்காட்டி என்கிறோமே, அதுதான். அப்போது அதற்குக் கண் கறுப்பு. குரலோ, காதருகில் நின்று பேசினால் மட்டும் கேட்கும் மெல்லிய குரல்.

அந்தக் கரையில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. துடுப்பைத் தோளில் வைத்துக் கடலைப் பார்த்து நடக்கத் தொடங்கிவிட்டவனை, முதுகுக்குப் பின்னாலிருந்து யாரும் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால் அந்தப் பெயர் கடலுக்குக் கேட்டுவிடும், கேட்ட பெயரைக் கடல் மறக்காது என்பார்கள். சொல்ல வேண்டியது இருந்தால் ஓடிப்போய் முகத்துக்கு முன்னால் நின்று சொல்ல வேண்டும். முடியாவிட்டால் வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

அந்தக் கரையில் வாழ்ந்த காத்தாயி என்பவளுக்கு அந்தக் கட்டுப்பாட்டின் வலி நன்றாகத் தெரியும். முந்தின வருஷம் அவளுடைய அண்ணன் வேம்பன் கஞ்சிக் கலயத்தை மறந்துவிட்டுக் கடலுக்குக் கிளம்பினான். "அண்ணே, கலயம்!" என்று அவள் வாய் தவறிக் கூப்பிட்டுவிட்டாள். அவன் சிரித்துக்கொண்டே திரும்பி வந்து வாங்கிக்கொண்டு போனான். அன்றைக்கு வலையில் ஏறிய திருக்கையின் முள் அவன் தொடையில் இறங்கியது. இருட்டுவதற்குள் போய்ச் சேர்ந்தான். திருக்கையை யாரும் குறை சொல்லவில்லை. "காத்தாயி நாக்குக்கு ஒரு உசுரு போச்சு" என்றார்கள். தண்ணீர் எடுக்கப் போனால் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு அவள் தன் வீட்டுக் கோழியைக்கூடச் சத்தம் போட்டுக் கூப்பிட்டதில்லை.

மார்கழி பிறந்தும் அந்த வருஷம் குளிர் வரவில்லை. அன்று காலையில் காற்றே இல்லை. விடிந்ததுமே உடம்பு வியர்த்தது. கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது. கரைக்குப் பக்கத்திலேயே சூடை மீன் கூட்டம் கூட்டமாகத் துள்ளியது. ஆண்களுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

காத்தாயியின் புருஷன் சடையன் துடுப்பை எடுத்தான். அவன் தம்பி குருந்தன் வலையைத் தூக்கிக்கொண்டு, "மதினி, சட்டியெல்லாம் கழுவி வை. இன்னிக்கு மீன் வைக்க எடம் பத்தாது" என்றான்.

"நேத்தும் இதைத்தான் சொன்ன. சட்டி தேஞ்சதுதான் மிச்சம்" என்றாள் காத்தாயி.

சடையன் சிரித்தான். பிறகு இருவரும் கடலைப் பார்த்துத் திரும்பி நடந்தார்கள். மற்ற வள்ளங்களை ஏற்கெனவே தள்ளத் தொடங்கியிருந்தார்கள்.

அப்போதுதான் அந்தப் பறவை வானத்திலிருந்து அவள் காலடியில் விழுந்தது. அதன் ஒரு இறக்கை தூக்க முடியாமல் தொங்கியது. மார்பு அடித்துக்கொண்டது. அவள் குனிந்து அதைக் கையில் எடுத்தாள்.

"வாடை வருது அக்கா" என்றது பறவை. "எப்பவும் வர்ற வாடை இல்ல. வடக்கே கண்மாயில எல்லாம் மீன் குளிர்ல வெறச்சு மெதக்குது. கறுத்த மேகம் ஒண்ணு, பாயைச் சுருட்டித் தரையில உருட்டிக்கிட்டு வர்ற மாதிரி வருது. அதுக்கு இந்தப் பக்கம் வேர்க்குது. அந்தப் பக்கம் சிக்கினா ரத்தம் உறையுது. அதோட விளிம்பிலேயே பறந்து வந்தேன். அடிச்ச அடியில இறக்கை போச்சு. அவங்களக் கூப்பிடு."

காத்தாயி நிமிர்ந்து பார்த்தாள். எல்லாம் முதுகுகள். சடையனின் முதுகு, குருந்தனின் முதுகு, ஊர் முழுவதின் முதுகு.

"நீ கூப்பிடு" என்றாள்.

"என் குரல் கையில எடுத்தாத்தான் உனக்கே கேக்குது. அவங்களுக்கு எட்டுமா? உனக்குத்தான் தொண்டை இருக்கு."

அவள் வாயைத் திறந்தாள். அண்ணன் கலயத்தை வாங்கிக்கொண்டு சிரித்த சிரிப்பு கண்ணில் வந்தது. வாய் தானாக மூடிக்கொண்டது. வடக்கே பார்த்தாள். பனைகளுக்கு மேல் வானம் வெளிறிக் கிடந்தது, அவ்வளவுதான். கூப்பிட்டு ஒன்றும் வராமல் போனால்? கூப்பிட்டதாலேயே ஏதாவது வந்துவிட்டால்?

"முன்னால போய் நின்னு சொல்றேன்" என்றாள்.

கரைக்கு மேற்கே ஒரு மணல்திட்டு கடலுக்குள் நாக்குப்போல் நீண்டிருந்தது. வள்ளங்கள் எல்லாம் அதன் முனையைச் சுற்றித்தான் ஆழத்துக்குப் போகும். அங்கே நின்றால் எல்லார் முகத்தையும் பார்க்கலாம். அவள் பறவையை மடியில் கட்டிக்கொண்டு ஓடினாள். மணல் காலை இழுத்தது. நடுவில் சேறு முழங்கால் வரை வாங்கியது. சேற்றிலிருந்து காலைப் பிடுங்கிப் பிடுங்கி நடந்தாள்.

"அக்கா, இங்கேருந்தே கூப்பிடு" என்று மடிக்குள்ளிருந்து கெஞ்சியது பறவை. "இன்னும் பக்கத்துலதான் இருக்காங்க."

"முன்னால போயிடலாம். இந்தா, வந்தாச்சு."

வந்து சேர்ந்தபோது வள்ளங்கள் முனையைத் தாண்டியிருந்தன. கடைசி வள்ளம் சடையனுடையது. அவன் தலையில் சுற்றியிருந்த துண்டின் கிழிசல்கூடத் தெரியும் தூரம். ஆனால் முதுகு. இங்கேயும் முதுகுதான்.

அவள் நின்றாள். மூச்சு வாங்கியது. இப்போது கூப்பிட்டால் கேட்கும் என்று அவளுக்குத் தெரியும். அவர்கள் ஏதோ பேசிச் சிரிப்பதே அவளுக்குக் கேட்டது. நாக்கு அசையவில்லை. துடுப்பு விழுந்து எழுந்து விழுந்து எழுந்து, வள்ளம் சிறிதாகிக்கொண்டே போனது.

அவள் பிடரியில் ஏதோ சில்லென்று பட்டது. வேர்வை ஒரு நொடியில் காய்ந்தது. திரும்பினாள். பனைகள் தெரியவில்லை. பனைகள் இருந்த இடத்தில் கறுப்பாக ஒன்று உருண்டு வந்துகொண்டிருந்தது.

பறவை அவள் மடியிலிருந்து கழுத்தை வெளியே நீட்டியது. தனக்கு இல்லாத குரலைத் தொண்டையிலிருந்து கிழித்து எடுத்துக் கத்தியது. அப்படி ஒரு சத்தத்தை அந்தக் கரை அதுவரை கேட்டதில்லை. கத்திய வேகத்தில் அதன் கண்ணில் ரத்தம் ஏறிச் சிவந்தது. மறுபடி கத்தியது. மறுபடியும்.

அதைக் கேட்ட பிறகுதான் காத்தாயியின் வாய் திறந்தது. "மச்சான்! திரும்பு! மச்சான்!"

சடையன் திரும்பினான். அவன் முகம் அவளுக்குத் தெரிந்தது. முகத்தில் கோபம் இல்லை. என்ன என்று கையைத் தூக்கிக் கேட்டான். அடுத்த நொடி வாடை அவளைக் கீழே தள்ளிவிட்டுக் கடலில் இறங்கியது. மழையா மணலா என்று தெரியாமல் கண்ணில் அறைந்தது. அவள் மணலைக் கட்டிக்கொண்டு குப்புறக் கிடந்தாள். தலை தூக்கிப் பார்த்தபோது வள்ளங்கள் எல்லாம் கரையைப் பார்த்துத் திரும்பியிருந்தன. துடுப்புகள் விழுந்து எழுந்தன. ஆனால் வள்ளங்கள் பின்னால்தான் போயின. கரையைப் பார்த்தபடியே, ஆழத்துக்குள், ஒவ்வொன்றாக மறைந்தன.

பகல் முழுவதும் காற்று நிற்கவில்லை. கொட்டிலில் ஆடுகள் நின்றபடியே விறைத்துச் செத்தன.

மறுநாள் காற்று திசை மாறியபோது ஒரே ஒரு வள்ளம் கரை ஒதுங்கியது. உள்ளே குருந்தன் உயிரோடு இருந்தான். சடையன் உட்கார்ந்தபடியே போயிருந்தான். துடுப்பிலிருந்து அவன் விரல்களைப் பிரிக்க முடியவில்லை. துடுப்போடு சேர்த்தே புதைத்தார்கள்.

பறவையின் கத்தல் ஊருக்கும் கேட்டிருந்தது. புதைத்துவிட்டு வந்தவர்கள் கையில் கல்லெடுத்தார்கள். "முதுகுக்குப் பின்னால கத்துனது அந்தச் சனியன்தான். அதுதான் கடலுக்குக் காட்டிக் குடுத்துச்சு" என்றார்கள். பறவை மணலில் ஒரு இறக்கையை இழுத்துக்கொண்டு நின்றது. பதில் சொல்ல வாய் திறந்தது. பேச்சு வரவில்லை. அந்தக் கத்தல் மட்டுமே வந்தது.

காத்தாயி போய் அதன் முன்னால் நின்றாள். "நானும் கூப்பிட்டேன். என்னையும் அடிங்க."

கல் வைத்திருந்த கைகள் ஓங்கின. அப்போது நெருப்புக்குப் பக்கத்தில் கிடத்தியிருந்த குருந்தன் எழுந்து உட்கார்ந்தான். உதடு வெடித்து, பல் கிட்டிப் பேசினான்.

"அந்தக் குருவி கத்துனதும் அண்ணன் அதத்தான் வைதான். அப்புறம் மதினி குரல் கேட்டுச்சு. வடக்கே பார்த்தான். திருப்புடான்னான். திருப்பிட்டோம். கொஞ்ச தூரம்தான் பாக்கி, அதுக்குள்ள வாடை அடிச்சிருச்சு." அவன் காத்தாயியைப் பார்த்தான். "நாங்க முனையைத் தாண்டுறப்பவே கூப்பிட்டிருக்கலாமே, மதினி. எங்க பேச்சு உனக்குக் கேட்டிருக்குமே? ஏன் கூப்பிடல?"

ஏன் கூப்பிட்டாய் என்று கேட்பார்கள் என்றுதான் அவள் பயந்திருந்தாள். அவள் ஊராரைத் திரும்பிப் பார்த்தாள். அவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கல்லைக் கீழே போட்டார்கள்.

பறவையின் இறக்கை ஆறிக் கூடியது. பேச்சு திரும்பவில்லை, கண் சிவப்பும் மாறவில்லை. காத்தாயி அதன் பிறகு இருந்த காலம் வரை, விடிவதற்கு முன்பே கரைக்குப் போய், கடலுக்குக் கிளம்புகிற ஒவ்வொருவனையும் முதுகுக்குப் பின்னால் நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டாள். ஒருவனும் அவளைக் கோபித்துக்கொள்ளவில்லை.

ஆள்காட்டி இன்றைக்கும் எவர் முதுகைக் கண்டாலும் கத்துகிறது. நாய் போனாலும் கத்துகிறது, ஆடு மேய்ந்தாலும் கத்துகிறது. பெரும்பாலும் வருவது ஒன்றுமில்லை. இருந்தாலும் அந்த நாளிலிருந்துதான், கடலுக்குப் போகிறவன் அந்தச் சத்தம் கேட்டால் நின்று, ஒரு தடவை வடக்கே திரும்பிப் பார்த்துவிட்டு வள்ளத்தைத் தள்ளுகிறான்.