எண்பத்து மூன்று ஜோடிச் செருப்பு

மலையடிவாரத்தில் வடிவம்மையின் மடம். அந்த மடத்துக்கு ஒரு இணையதளமும் உண்டு. அதைப் பார்த்துக்கொண்டவர் சீடர் நல்லசிவம். குருவைவிடப் பத்து வயது மூத்தவர். பொறுமையில் இருபது வயது இளையவர்.

எந்தத் தளத்துக்கு எவ்வளவு கூட்டம் என்று மாதாமாதம் ஒரு கம்பெனி பட்டியல் போடும். அன்று காலை அதைப் பார்த்ததுதான் தாமதம், துணிப்பையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"கிளம்புறேன் அம்மா. மடங்கள்ல நாம இருநூத்திப் பன்னிரண்டாவது இடம். மலைக்கு அந்தப் பக்கத்து மடம் முதலிடம். மிச்சமிருக்கிற காலத்தை நல்ல குருகிட்ட கழிக்கணும்ல?"

"நியாயந்தான். எப்படி எண்ணுறாங்களாம்?"

"சில பேர் கம்ப்யூட்டர்ல மட்டும் ஒரு கருவி இருக்கும். அவங்க எங்கே போறாங்கன்னு பார்த்து, ஊரே எங்கே போகுதுன்னு சொல்லிடுவாங்க."

"கெட்டிக்காரங்க. போறதுக்கு முன்னாடி எனக்கும் ஒண்ணு எண்ணிக் குடுங்க. இன்னிக்குப் பேச்சுக் கேட்க எத்தனை பேர் வந்திருக்காங்க? உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாது. வாசல்ல கிடக்கிற செருப்பை மட்டும் எண்ணுங்க."

பேச்சு தொடங்கும் நேரத்தில், வாசல் வேப்பமரத்தடியில் குனிந்த நல்லசிவம் வெகுநேரம் நிமிரவில்லை. இடுப்பு பிடித்துக்கொண்டது. முகம் மட்டும் மலர்ந்துகொண்டே போனது.

"அம்மா!" என்று படியில் நின்றே கத்தினார். "எண்பத்து மூணு ஜோடி! ஒத்தைச் செருப்பு ஒண்ணு கிடக்கு. இன்னொண்ணை நாய் தூக்கியிருக்கும், அதையும் ஒரு ஆளாச் சேர்த்துக்குவோம். நான் எங்கேயும் போகலை. பட்டியல் கிடக்குது!"

சொல்லிக்கொண்டே பை முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார்.

"உள்ளே வாங்க" என்றார் வடிவம்மை.

கூடத்தில் ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நல்லசிவம் தூணுக்குப் பின்னாலும் ஒருமுறை பார்த்தார்.

"மத்தவங்க?"

"பக்கத்து மண்டபத்துல கல்யாணச் சாப்பாடு சாப்பிடுறாங்க. அந்த வாசல்ல வெயில். இங்கே மர நிழல், செருப்பு சுடாது."

முன்னால் இருந்த கீரைக்காரி சிரித்தாள். "எங்க நாலு பேருக்குச் செருப்பே கிடையாது சாமி. எங்களை எதுல சேர்த்தீங்க?"

நல்லசிவம் குனிந்து அவர்களுடைய வெறுங்கால்களைப் பார்த்தார்.

"உங்க செருப்பு?" என்று கேட்டார் வடிவம்மை.

"அதைத்தான் அம்மா முதல்ல எண்ணினேன்."

ஆறு பேரும் சிரித்து ஓய்ந்தார்கள். பாதி அவிழ்ந்த முடிச்சோடு பை அவர் கையிலேயே இருந்தது.

"அப்போ... அந்த முதலிடத்து மடம்?"

"போய்ட்டு வாங்க. அவங்க வாசல்ல என்ன மரம்னு பார்த்துட்டு வந்து சொல்லுங்க."