சங்கரேஸ்வரி கல்யாணத்துக்கு வந்த பனிமலை

கானல்பட்டிக்காரர்களைப் பற்றிச் சுற்றுவட்டாரத்தில் சொல்லப்படுவதில் பாதி பொய். அதை நானே ஒத்துக்கொள்கிறேன். இது மீதிப் பாதியைச் சேர்ந்தது.

கானல்பட்டியில் மழை பெய்தால் ஜனங்கள் தெருவுக்கு வந்து என்ன சத்தம் என்று விசாரிப்பார்கள். அப்படிப்பட்ட ஊரில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தவர் வன்னியப்பெருமாள். லைட் பிடிக்க இருளப்பன், ஆல்பம் ஒட்டக் கொண்டல்சாமி. ஸ்டுடியோவின் பின்சுவரில் பனிமலை வரைந்த துணி ஒன்று தொங்கும். ஊரில் பிறந்தவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது அந்த மலைக்கு முன்னால் உட்கார்ந்து படம் எடுத்திருக்கிறார்கள்.

வன்னியப்பெருமாளுக்கு ஒரே மகள், சங்கரேஸ்வரி. தாயில்லாப் பிள்ளை. அவள் கேட்டு அவர் எதையும் இல்லை என்று சொன்னதில்லை. சித்திரையில் கல்யாணம் என்று நிச்சயமானதும் அவள் ஒன்று கேட்டாள்.

“அப்பா, மேடைக்குப் பின்னால நெசமான மலை படம் வேணும். நீங்களே போயி எடுத்ததா இருக்கணும். அதுல பனி விழுந்துக்கிட்டே இருக்கணும். நம்ம துணிக்கு முன்னால இருபது வருசமா உக்காந்து பாத்துட்டேன், ஒரு பொட்டு விழலை.”

“விழ வச்சிருவோம் தாயி,” என்றார் வன்னியப்பெருமாள்.

பனி எந்த நாளில் விழும் என்று ஊரில் யாருக்கும் தெரியவில்லை. எதற்கும் குளிர்காலம் முழுக்க அங்கேயே இருந்துவிட்டு வருவது என்று முடிவாகி, மூன்று பேரும் கார்த்திகையில் ரயிலேறினார்கள்.

இமயமலையில், பஸ் போய்த் திரும்ப இடமில்லாத ஒரு கிராமத்தில், ஞானதுரை என்று ஒரு பட்டாளத்தார் இருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அங்கேயே பெண் எடுத்து, மரவீடு கட்டிக் குடியிருந்தார். அவர்தான் இவர்களுக்கு இடம் கொடுத்தார். நல்ல மனுஷன். அவர் செய்த தப்பு அது ஒன்றுதான்.

மறுநாள் காலையில் அவர் ஜன்னலைத் திறந்தார். எதிரே முழு மலையும் வெள்ளியாக நின்றது. வானத்தில் ஒரு மேகம் இல்லை.

“எடுங்கவே! இந்த மாதிரி வெளிச்சம் கெடைக்காது.”

மூவரும் மலையை மரியாதையாகப் பார்த்தார்கள்.

“பனி விழலையே,” என்றார் வன்னியப்பெருமாள்.

“அதான் மலை பூராவும் கெடக்கே!”

“கெடக்கு. விழலை. எம்மக விழுறதுதான் கேட்டா.”

பட்டாளத்தார் எல்லையில் பல வருஷம் நின்றவர். ஜன்னலைச் சாத்தினார்.

குளிர்காலத்தில் அவர் குடும்பத்தோடு கீழே மாமியார் வீட்டுக்குப் போய்விடுவது வழக்கம். போகும்போது அரிசி, பருப்பு, விறகு எல்லாம் காட்டிவிட்டு மூன்று விஷயம் சொன்னார். “கதவு எந்நேரமும் சாத்தியே இருக்கணும். கூரையில பனி தங்க விடக்கூடாது, வீடு இறங்கிரும். வெளிய போனா முன்னால போன தடத்துலதான் கால் வைக்கணும். புதுசா மிதிச்சா குழியில போயிருவீங்க.”

“அப்படியே செஞ்சிருவோம்,” என்றார்கள் மூவரும். செய்தார்கள் என்பதுதான் துயரம்.

கதவு எந்நேரமும் சாத்தியே இருந்தது. அதனால் போக வர ஜன்னலைப் பயன்படுத்தினார்கள். அடிக்கடி ஏறி இறங்க வேண்டியிருந்ததால் ஜன்னலைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டார்கள். நாலாம் நாள் வீட்டுக்குள் முழங்கால் அளவு பனி. “கதவு சாத்தியிருக்கும்போதே இவ்வளவுன்னா, தெறந்திருந்தா நம்ம கதி என்ன?” என்றான் கொண்டல்சாமி. மற்ற இருவரும் பட்டாளத்தாரை நினைத்து நன்றியோடு கும்பிட்டார்கள்.

கூரைப் பொறுப்பு கொண்டல்சாமிக்கு. அவன் ஸ்டுடியோக் குடையை விரித்துக்கொண்டு கூரையில் போய் உட்கார்ந்தான். சாயங்காலம் வன்னியப்பெருமாள் கீழேயிருந்து கேட்டார்.

“ஏலே, கூரையில பனி தங்குதா?”

“கூரையில இல்ல அண்ணாச்சி. எம்மேலதான் தங்குது.”

“அதுக்கு அவர் ஒண்ணும் சொல்லலை. இரு.”

அவனை இறக்கி அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தார்கள். இரண்டாவது நாள்தான் அவனுக்குத் தாடை அசைந்தது. முதலில் கேட்டது சோறு.

தடம்தான் பெரிய சிக்கலாகப் போயிற்று. பனி விழாத நாளில் தடம் இருக்கும், ஆனால் விழாத மலையை எடுத்து என்ன பிரயோசனம்? பனி விழுகிற நாளில் இருளப்பன் லைட்டோடு மலைகிட்டப் போக வேண்டும், ஆனால் எல்லாத் தடமும் மூடிப்போகும். ஜன்னலில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு மூவரும் யோசித்தார்கள்.

“முன்னால போனவன் தடத்துல மிதிக்கணும். சரி. முன்னால யாரு போறது?” என்றான் இருளப்பன்.

“நீ போ.”

“நான் யாரு தடத்துல மிதிக்க?”

“கொண்டல்சாமி தடத்துல.”

“அவன் எனக்குப் பின்னாலல்ல வாரான்?”

இந்தப் பேச்சு மார்கழி முழுக்க நடந்தது.

தை பிறந்ததும் வழி பிறந்தது. பக்கத்து வீட்டு அம்மாளின் ஆடு ஒன்று காலையில் ஜன்னலுக்கு முன்னால் நடந்து போயிருந்தது. தடம் பளிச்சென்று இருந்தது.

“ஆட்டுக்கு நாலு காலு. நமக்கு ரெண்டு,” என்றார் வன்னியப்பெருமாள் கவலையோடு.

“ரெண்டு பேரு சேந்து போனா சரியாப் போச்சே,” என்றான் கொண்டல்சாமி.

வன்னியப்பெருமாள் முன்னங்கால் தடத்திலும், அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இருளப்பன் பின்னங்கால் தடத்திலுமாகப் போனார்கள். தடம் எங்கே முடிந்ததோ அங்கே நின்றார்கள். ஆட்டுக் கொட்டகை. பனி விழுந்த நாளில் ஆடு வெளியே போகாது, அவர்களும் உள்ளேயே இருந்தார்கள். அந்த அம்மாள் புல் போட வரும்போதெல்லாம் இவர்கள் வணக்கம் சொன்னார்கள். தையும் மாசியும் இப்படிப் போயின. வெயிலடித்த நாட்களில் அந்த அம்மாள் கேமராவையும் மலையையும் மாறி மாறிச் சுட்டிக்காட்டிப் பார்த்தாள். “விழலைம்மா,” என்று கையை விரித்தார்கள்.

பங்குனி பிறந்தது. பனி விழுவது நின்றே போயிற்று. ஓரங்களில் புல் தெரிந்தது. வன்னியப்பெருமாள் சாப்பிடுவதை விட்டார்.

“வெறுங்கையோட போயி எம்பிள்ளை மூஞ்சியில எப்படி முழிப்பேன்?” என்று சொல்லிச் சொல்லி அழுதார். மற்ற இருவரும் கூடவே அழுதார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பங்குனி கடைசி வாரம், பட்டாளத்தார் கீழேயிருந்து திரும்பிய அன்று, வருஷத்தின் கடைசிப் பனி பிடித்துக்கொண்டது. கை நீட்டினால் கை தெரியவில்லை. அவர் ஜன்னல் போன இடத்தையும் வீட்டுக்குள் கிடந்த பனியையும் மாறி மாறிப் பார்த்தார்.

“விழுது! விழுது!” என்று வன்னியப்பெருமாள் குதித்தார். கேமராவை ஜன்னலுக்கு நேரே வைத்தார்.

“மலை தெரியலையே அண்ணாச்சி,” என்றான் கொண்டல்சாமி.

“நேத்து அங்கதான இருந்துச்சு?”

“இருந்துச்சு.”

“நம்மகிட்டச் சொல்லாம எங்க போயிரும்? இருளப்பா, லைட்டைக் கொண்டுக்கிட்டு மலைகிட்டப் போ.”

பட்டாளத்தார் வந்த தடம் வாசலில் புதிதாகக் கிடந்தது. பேட்டரி லைட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு இருளப்பன் அந்தத் தடத்தில் நடந்தான்.

“இன்னும் போ!” என்று கத்தினார் வன்னியப்பெருமாள். “இன்னும்! இன்னும் போ!”

அவன் போனான். பட்டாளத்தாரின் தடம் கீழே நின்ற பஸ்ஸின் படிக்கட்டில் தொடங்கியிருந்தது. ஆகவே அவனும் அதில் கால் வைத்தான்.

வன்னியப்பெருமாள் மலையிருந்த திசையைப் பார்த்து, எல்லாக் கல்யாணத்திலும் சொல்வது போல, “ஆடக்கூடாது. முகத்தைக் கொஞ்சம் தூக்குங்க. சிரிங்க,” என்று சொல்லி அமுக்கினார். கேமராத் திரையில் படத்தை எட்டிப்பார்த்தார்கள். வெள்ளை.

“ஒரு கறை இல்ல,” என்றான் கொண்டல்சாமி.

“மலையும் ஆடலை,” என்றார் வன்னியப்பெருமாள்.

அவர்கள் கானல்பட்டியில் ரயிலைவிட்டு இறங்கியபோது, பிளாட்பாரத்தில் இருளப்பன் லைட்டைத் தூக்கிப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தான். “வெளிச்சம் போதுமா அண்ணாச்சி?” என்றான்.

சித்திரை மாதம், உச்சி வெயில். கல்யாண மண்டபத்தில் இருபதடி அகலத்துக்கு மலை தொங்கியது. ஊரே அண்ணாந்து பார்த்தது. மணமேடையில் உட்கார்ந்த சங்கரேஸ்வரி திரும்பிப் பார்த்தாள். வன்னியப்பெருமாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஐந்து மாதக் குளிரும் அந்த ஒரு பார்வைக்காகத்தானே.

“அப்பா, மலை எங்க?”

“பின்னால இருக்கு தாயி. பனி கொட்டுதுல்ல? நின்னதும் தெரியும்.”

அவள் இன்னொரு தடவை பார்த்தாள். கண் கலங்கிவிட்டது. “எம்புட்டுப் பனிப்பா!” என்றாள். “நிக்கட்டும். மலை தெரிஞ்சதும் தாலி கட்டிக்கிறேன்.”

அதில் நியாயம் இருப்பதாக எல்லோருக்கும் பட்டது. மேளக்காரர்கள் வாசிப்பை நிறுத்தினார்கள். ஐந்நூறு பேர் மலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். அரைமணி ஆயிற்று. பனி விட்டபாடில்லை.

மாப்பிள்ளையும் கானல்பட்டிதான். மேலே சுழன்ற ஃபேன்களைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு மாமனாரைக் கூப்பிட்டார்.

“மாமா, இந்தக் காத்துலதான் பனி கூடுது. எல்லா ஃபேனையும் அமத்தச் சொல்லுங்க.”

அமர்த்தினார்கள். ஜன்னல்களையும் சாத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் மணமக்கள், புரோகிதர், உற்றார் உறவினர் எல்லோருக்கும் தலையிலிருந்து வேர்த்து ஊற்றத் தொடங்கியது. மேடையில் சொட்டுச் சொட்டாக விழுந்து, சின்ன ஓடையாகச் சேர்ந்து, படிக்கட்டு வழியாக இறங்கியது. வன்னியப்பெருமாள் குனிந்து அதை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

“கெட்டி மேளம் தயாரா இருங்கப்பா,” என்றார். “மலை உருக ஆரம்பிச்சிருச்சு.”