அம்பின் இரு ஓரங்கள்

கடம்பன் முப்பது வருடம் அரண்மனை வில்லாளியாக இருந்தவர். குறி பார்த்து எய்வதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஐம்பது வயதுக்கு மேல் வேட்டை கற்றுக்கொள்ள மலைக்கு வந்தார். அவருக்கு வாய்த்த குரு கொற்றி. அவரைவிட இருபது வயது இளையவள்.

முதல் வேட்டையில் அவருடைய அம்பு மானின் விலாவில் சரியாகத்தான் பாய்ந்தது. மான் ஓடிவிட்டது. தேடித் தேடி மூன்றாம் நாள் கண்டுபிடித்தார்கள். விலாவில் அம்போடு உயிருடன் நின்றுகொண்டிருந்தது. அதன் கண்ணைப் பார்க்கக் கடம்பனுக்குத் துணிவில்லை. கொற்றிதான் அதைக் கொன்றாள்.

பிறகு அம்பைப் பிடுங்கிப் பார்த்தாள். இலை போல அகன்ற முனை. நுனி மட்டும் பளபளத்தது, இரு ஓரங்களும் மழுங்கல். அரண்மனைக் குறிப்பலகையில் குத்தி நிற்க நுனி போதும். முப்பது வருடப் பழக்கம் லேசில் போகுமா?

"வில்லைக் கொடுங்கண்ணே. ஓரத்தைத் தீட்டி முடிங்க, அப்புறம் தர்றேன்."

அன்றிலிருந்து சுனைக்கு மேலே பாறையில் உட்கார்ந்து இருவரும் தீட்டினார்கள். கடம்பன் தீட்டிய முனையை முன்கையில் வைத்து இழுத்துப் பார்ப்பார். பத்தே நாளில் முன்கை மொட்டையாகிவிட்டது.

"முடி சிரைக்குதும்மா. போதுமா?"

"இல்லண்ணே."

இருபதாம் நாள் அவருக்குப் பொறுமை போய்விட்டது.

"இன்னும் எவ்வளவுதான் கூர் வேணும்? எனக்கு வில்லே கிடைக்காதா?"

கீழே ஒரு மான் வந்து மேய ஆரம்பித்திருந்தது. கொற்றி தான் தீட்டிக்கொண்டிருந்த அம்பைத் துடைத்தாள். பக்கத்தில் கிடந்த கடம்பனின் வில்லையே எடுத்து எய்தாள்.

அம்பு மானுக்கு அப்பால் மண்ணில் குத்தி நின்றது. மான் தலையைத் தூக்கியது. காதை ஆட்டியது. மறுபடி குனிந்து புல்லைக் கடித்தது.

"தப்பிடுச்சு," என்று கிசுகிசுத்தார் கடம்பன்.

அவள் உதட்டில் விரலை வைத்தாள்.

மான் நாலு அடி நடந்தது. களைப்பாறப் போவதுபோல முன்காலை மடித்துப் படுத்தது. தலையைத் தரையில் வைத்தது. பிறகு எழவில்லை.

கடம்பன் இறங்கி ஓடினார். விலாவின் இரு பக்கமும் மெல்லிய வெட்டு. வாயில் பாதி மென்ற புல். தன்னையறியாமல் கைகூப்பினார்.

"அம்மா... அதுக்குத் தெரியவே இல்லையே!"

பின்னாலேயே வந்த கொற்றி வில்லை அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"இந்தக் கூர் போதும்னு உங்களுக்கு எப்பத் தெரிஞ்சது?"

"எனக்கு எங்கண்ணே தெரிஞ்சது? நான் தீட்டிக்கிட்டுத்தான் இருந்தேன். மான் வந்துடுச்சு."