தண்ணீரை எரித்துப் பாத்திக்குப் பாய்ச்சியது

மூக்கையாவும் சங்கிலியும் சடையாண்டியும் சேர்ந்து யோசிக்க உட்கார்ந்தால் மேலப்பொட்டலூரில் கோழிகூடக் கத்தாது. அவ்வளவு மரியாதை.

அன்றைக்கு யோசிக்க விஷயமும் இருந்தது. சடையாண்டியின் கத்தரிச் செடிகளெல்லாம் வாடித் தலை தொங்கிவிட்டன. கிணற்றில் தண்ணீர் கிடக்கிறது. பம்புசெட் என்ஜினுக்கு டீசல் இல்லை. டீசல் வாங்கப் போன டெம்போ, டீசல் தீர்ந்து பாதி வழியில் நிற்கிறது. சடையாண்டி வீட்டுச் சோறே அந்தக் கத்தரிதான்.

அந்நேரம் பார்த்துக் காலேஜ் வாத்தியார் ஒருவர் பைக்கை நிறுத்தித் தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு, கேட்காத சேதியையும் சொன்னார்.

"தண்ணிக்குள்ள ஹைட்ரஜன்னு ஒரு வாயு இருக்குய்யா. நல்லா எரியும். சோடா உப்பு ஒரு சிட்டிகை போட்டு, பேட்டரியிலேர்ந்து கரண்ட் விட்டா குமிழ் குமிழா வரும். ஆனா என்ஜினுக்குக் கட்டாது. எரிச்சுக் கிடைக்கிறதைவிடப் பிரிக்கிற செலவு ஜாஸ்தி. எரிஞ்சு முடிஞ்சா அது மறுபடி தண்ணிதான்."

பைக் போய்விட்டது. சடையாண்டி பெண்டாட்டியைத் தேடி வீட்டுக்கு ஓடினான்.

"பேச்சி, பாப்பா காலையிலேர்ந்து எவ்வளவு தண்ணி குடிச்சா?"

"ரெண்டு டம்ளர் இருக்கும்."

"அடுப்புப் பக்கம் விட்டுறாத. உள்ளுக்குள்ள எரியிற சரக்கு."

பேச்சியும் அதே ஊரில் பிறந்தவள்தான். பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, கொதித்த உலையை அவசரமாக இறக்கி வைத்தாள்.

அதற்குள் மூக்கையா கிணற்றடியில் பீடிக்குத் தடை போட்டு, மணலும் குவித்திருந்தான்.

"எதுக்குண்ணே மணல்? தீப்பிடிச்சா கிணத்துத் தண்ணியை ஊத்தி அணைச்சிரலாமே" என்றான் சங்கிலி.

"எரியறதே தண்ணிடா. வைக்கப்போருல தீப்பிடிச்சா வைக்கோலைப் போட்டா அணைப்பே?"

சங்கிலி வெட்கப்பட்டான்.

டீசலுக்குப் பதிலாக அந்த வாயுவைப் பிடிக்க, பாத்தி ஓரத்தில் கல்யாணச் சமையல் அண்டாவை வைத்து, குடம் குடமாக இறைத்து நிரப்பினார்கள். சோடா உப்பைப் போட்டார்கள். ஊரிலிருந்த டார்ச்லைட் பேட்டரிக் கட்டைகளையெல்லாம் வரிசையாகக் கட்டி, கம்பியைத் தண்ணீருக்குள் விட்டார்கள். குமிழ் வந்தது. மூக்கையா கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்துக் குமிழைப் பிடித்து, டம்ளர் வாயில் தீக்குச்சியைக் காட்டினான்.

டப் என்றது.

மூவரும் வரப்புக்குப் பின்னால் படுத்துவிட்டார்கள். வெகுநேரம் கழித்து எட்டிப் பார்த்தால், டம்ளருக்குள் பனி படிந்த மாதிரி ஈரம்.

"வாத்தியார் சொன்னது வாஸ்தவம்தான், தண்ணி வருது" என்றான் மூக்கையா.

சடையாண்டிக்கு அப்போதுதான் மூளை திறந்தது. "அப்புறம் என்னத்துக்குண்ணே என்ஜினு? நமக்கு வேணுங்கிறது தண்ணிதானே. அதான் டம்ளரே குடுக்குதே."

மற்ற இருவரும் அவனைப் பெருமையாகப் பார்த்தார்கள்.

வேலை சூடுபிடித்தது. டப் என்றதும் சடையாண்டி டம்ளரை விரலால் வழித்து, கத்தரிச் செடியின் தூரில் ஒரு சொட்டைத் தடவுவான். அடுத்த டப்புக்கு அடுத்த செடி. இடைஞ்சல் சங்கிலிதான். டப் சத்தம் கேட்டால் துள்ளுவான். துள்ளினால் கம்பி காலில் மாட்டும். மாட்டினால் அண்டாவோடு குப்புற விழுவான். தண்ணீர் முழுவதும் வாய்க்கால் வழியாகப் பாத்திக்குள் ஓடிவிடும்.

"நாசமாப் போறவனே, எரிக்க வச்ச தண்ணியை வீணாக்குறியே" என்று திட்டிக்கொண்டே மறுபடி இறைப்பார்கள். பொழுதுக்கும் இதே கூத்து.

மறுநாள் காலையில் கத்தரி அத்தனையும் நிமிர்ந்து நின்றது. சடையாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஒரு சொட்டுக்கே இந்தத் தெம்பு. நல்லவேளை, இவன் கொட்டுன தண்ணியில செடி அழுகாமத் தப்பிச்சுது. இன்னைக்கு இவனைத் தள்ளி நிக்கச் சொல்லுவோமா?"

மூக்கையா நெடுநேரம் யோசித்தான்.

"வேண்டாம். பலிச்ச காரியத்துல கை வைக்கக் கூடாது. நேத்து நடந்தது நடந்தபடியே நடக்கணும். சங்கிலி, நேத்து விழுந்த இடத்துலயே விழு."

சங்கிலி முட்டியைத் தடவிப் பார்த்தான். "சரிண்ணே. ஒரு எட்டு வீட்டுக்குப் போயி மஞ்சப் பத்துப் போட்டுட்டு வந்திர்றேன்."

"விழுந்த பிறகு போடு. நேத்து விழறதுக்கு முந்தியா போட்டே?"